பட்டாளத்துக்காரரைக் கட்டிக்கொண்டு வந்த ஐரிஷ் பாட்டி: தாய்வீட்டைத் தேடும் வழி

கேள்வி: என் மாமியாருக்கு 88 வயது. பொன்மலை ரயில்வே காலனியில் வளர்ந்த ஆங்கிலோ இந்தியர். அவருடைய கொள்ளுப்பாட்டி பிரிஜிட் அயர்லாந்துக்காரர், ஒரு பிரிட்டிஷ் சிப்பாயைக் கட்டிக்கொண்டு கப்பலேறி வந்தவர் என்று குடும்பத்தில் சொல்வார்கள். 1858-ல் திருச்சிராப்பள்ளியில் பிரிஜிட்டின் மகனுக்கு (என் மாமியாரின் தாத்தா) நடந்த ஞானஸ்நானத்தின் நகல் மட்டும் கையில் இருக்கிறது. அயர்லாந்தில் எந்த ஊர் என்று கண்டுபிடிக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

முடியும். ஆனால் பிரிஜிட் என்ற பெயரை வைத்துத் தொடங்காதீர்கள். அந்தக் காலத்து அயர்லாந்தில் தெருவுக்கு நாலு பிரிஜிட். நம் ஊரில் மாரியம்மாள் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரின் பிறந்த ஊரைத் தேடுவது போல ஆகிவிடும். முதலில் தேட வேண்டியது அவருடைய கணவரை. அவர் சர்க்கார் சம்பளம் வாங்கியவர். சம்பளம் கொடுத்த இடத்தில் கணக்கு இருக்கும். பிரிட்டிஷ் அரசுப் படையின் ஒவ்வொரு ரெஜிமென்டிலும் 3 மாதத்துக்கு ஒரு முறை ஆள் பெயர், அவர் இருந்த இடம், வாங்கிய சம்பளம் என்று எழுதி வைத்தார்கள். அந்தக் கணக்குகள் இன்றும் இருக்கின்றன. பிரிஜிட் பாட்டியின் பெயர் அவற்றில் இருக்காது. ஆனால் அவர் போன வழி முழுக்க அவற்றில் இருக்கிறது.

பெரம்பூர், பறங்கிமலை, ஜோலார்பேட்டைக் குடும்பங்களுக்காகப் பல வருடங்களாக இந்தத் தேடலைச் செய்து வருகிறேன். ஊரைக் கண்டுபிடித்த ஒவ்வொரு முறையும் பட்டாளத்தின் வழியாகத்தான் பாட்டியிடம் போய்ச் சேர்ந்திருக்கிறேன்.

கையில் இருக்கும் நகலில் அப்பாவின் தொழில் என்ற இடத்தைப் பாருங்கள். ‘பிரைவேட்’, ‘கார்ப்பரல்’, ‘சார்ஜன்ட்’ என்று ஏதாவது இருக்கும். அதையடுத்து ரெஜிமென்டின் எண்ணோ பெயரோ இருக்கும். எண்ணுக்கு முன்னால் ‘ஹெச்.எம்.’ என்று இருந்தால் ராணியின் படை. ‘மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ்’, ‘மெட்ராஸ் யூரோப்பியன்’, ‘மெட்ராஸ் ஆர்ட்டிலரி’ என்றெல்லாம் இருந்தால் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை. 1858 என்பது கம்பெனி ஆட்சி முடிந்து ராணியின் ஆட்சி வந்த வருடம், இரண்டு படைகளும் இங்கே இருந்த காலம். இந்த ஒரு வார்த்தையைப் பொறுத்து உங்கள் தேடல் இரண்டு வேறு கட்டடங்களுக்குப் போகும்.

கம்பெனிப் படை என்றால் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகம். அங்கே இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் ‘எல்/மில்/9’ என்ற வரிசையில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறிய புதுச் சிப்பாய்களின் பட்டியல்களும், ‘எல்/மில்/11’ வரிசையில் சென்னைப் படையின் ஆள்கணக்குகளும் இருக்கின்றன. சிப்பாயின் வயது, முன்பு செய்த தொழில், பிறந்த கவுன்டி (நம் மாவட்டம் போன்றது) முதலியவை அவற்றில் கிடைக்கும். கம்பெனி அயர்லாந்தில் ஏராளமாக ஆள் எடுத்தது. நம் ஊரில் உருவான முதலாம் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் 1862-ல் ராணியின் 102ஆம் ரெஜிமென்ட் ஆனது, 1881-ல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாலியன் ஆனது. மூன்றாம் மெட்ராஸ் யூரோப்பியன் ரெஜிமென்ட் 108 என்ற எண் பெற்று, பிறகு ராயல் இன்னிஸ்கில்லிங் ஃபியூசிலியர்ஸில் சேர்ந்தது. அதனால் ‘டப்ளின் ஃபியூசிலியர்ஸ்’ என்று குடும்பத்தில் யாராவது சொன்னால், அந்தப் பெயரை மட்டும் வைத்து டப்ளினில் தேடப் போய்விடாதீர்கள். அந்தப் படை பிறந்த இடம் சென்னைதான்.

கம்பெனிச் சிப்பாய்களில் பெரும்பாலோர் கல்யாணமாகாமல் வந்தவர்கள். இங்கே வந்த பிறகு விதவையான ஒரு சிப்பாய் மனைவியையோ, இன்னொரு சிப்பாயின் மகளையோ, இந்த ஊர்ப் பெண்ணையோ கட்டிக்கொண்டார்கள். ஆகவே கணவர் கம்பெனி ஆள் என்றால், ‘கட்டிக்கொண்டு கப்பலேறி வந்தவர்’ என்ற குடும்பக் கதையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, திருமணத்தை முதலில் சென்னை மாகாணத்திலேயே தேடுங்கள். மாகாணத் தேவாலயங்களிலிருந்து லண்டனுக்கு அனுப்பப்பட்ட ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் பிரதிகள் ‘என்/2’ என்ற வரிசையில் இருக்கின்றன. ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற வம்சாவளித் தேடல் தளத்தில் அவற்றின் படங்களே கிடைக்கும். ‘ஃபிபிஸ்’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்கள் சங்கத்தின் தளத்தில் பல குறிப்புகளை இலவசமாகவே தேடலாம். கத்தோலிக்கப் பதிவுகளில் ஒரு பகுதிதான் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. அவற்றைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

ராணியின் படை என்றால் லண்டனின் கியூ பகுதியில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகம். நான் முதலில் சொன்ன 3 மாதக் கணக்குகள் அங்கே ‘டபிள்யூ.ஓ. 12’ என்ற வரிசையில் 1878 வரை இருக்கின்றன. பென்ஷன் வாங்கி வீடு திரும்பியவர் என்றால் ‘டபிள்யூ.ஓ. 97’ வரிசையில் அவருடைய விடுவிப்புக் காகிதம் இருக்கும். பிறந்த ஊர், வயது, உயரம், கண்ணின் நிறம், எந்தெந்த நாட்டில் எத்தனை வருடம் இருந்தார் என்பதெல்லாம் அதில் வரும். இந்தியாவில் இறந்தவர் என்றால் அந்தக் காகிதமே கிடையாது. அப்படிப்பட்டவருக்கும் அவர் இறந்த காலாண்டின் கணக்கில், படையை விட்டு நீங்கியவர்கள் பட்டியலில் பிறந்த ஊர், பழைய தொழில், சேர்ந்த நாள் ஆகியவை பல சமயம் கிடைக்கும்.

கணவரைப் பிடித்த பிறகு அந்தக் கணக்குகளைப் பின்னோக்கிப் படியுங்கள். 1858-ல் திருச்சி. அதற்கு முன்? கப்பலேறியது எப்போது? அதற்கு முந்தைய 2, 3 வருடங்களில் ரெஜிமென்ட் அயர்லாந்தில் எந்தெந்த முகாமில் இருந்தது? ஃபெர்மாய், பட்டிவன்ட், டெம்பிள்மோர், பர், அத்லோன், மல்லிங்கர், 1855-ல் தொடங்கிய கர்ரா முகாம் என்று பட்டியல் வரும். ஒரு ரெஜிமென்ட் முழுதாக ஒரே ஊரில் இருந்துவிடாது. 2 கம்பெனி (இங்கே ரெஜிமென்டின் ஒரு பிரிவு என்று பொருள்) இங்கே, 1 கம்பெனி 30 மைல் தள்ளி ஒரு சின்ன முகாமில் என்று பிரிந்து கிடக்கும். உங்கள் சிப்பாய் எந்தப் பிரிவோடு போனார் என்பதைக் கணக்கில் பாருங்கள். பிரிஜிட் பாட்டி அந்த முகாமைச் சுற்றியிருந்த ஏதோ ஒரு பங்கைச் (ஒரு கோவிலின் கீழ் வரும் பகுதி) சேர்ந்த பெண்ணாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

மனைவி ஐரிஷ் என்பதால் கணவரும் ஐரிஷ் ரெஜிமென்டில்தான் இருந்திருப்பார் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். 1830-ல் பிரிட்டிஷ் படையின் சாதாரணச் சிப்பாய்களில் 100-க்கு 42 பேர் ஐரிஷ்காரர்கள், எல்லா ரெஜிமென்டிலும் பரவிக் கிடந்தார்கள். ஸ்காட்லாந்துப் பெயர் கொண்ட ரெஜிமென்ட் ஃபெர்மாயில் 2 வருடம் தங்கினால் அதன் சிப்பாய்களுக்கும் ஃபெர்மாய்ப் பெண்கள்தான் மனைவிகள். பெயரைப் பார்த்து எதையும் ஒதுக்காதீர்கள்.

கல்யாணம் எப்படி நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் பதிவை எங்கே தேடுவது என்று புரியும். சிப்பாய் கல்யாணம் செய்துகொள்ளக் கமாண்டிங் ஆபீசரின் அனுமதி வேண்டும். 100 பேருக்கு 6 மனைவிகள் என்பது பொதுவான கணக்கு, இந்தியாவுக்குப் போகும் படைக்கு 12. இந்தக் கணக்குக்குள் வந்த பெண்ணுக்குப் பாதி ரேஷனும் முகாமில் இடமும் உண்டு. இடம் என்றால் தனி வீடு இல்லை. சிப்பாய்கள் வரிசையாகப் படுத்திருக்கும் பெரிய அறையின் ஒரு மூலையில் கயிறு கட்டி அதில் ஒரு கம்பளியைத் தொங்கவிடுவார்கள். அந்தக் கம்பளிக்குப் பின்னால்தான் குடும்பம், பிரசவம் எல்லாம். அந்தப் பிரிவுச் சிப்பாய்களின் துணியைத் துவைத்துக் கொடுத்து அந்தப் பெண்கள் சில்லறை சம்பாதித்தார்கள். அனுமதி இல்லாமல் கட்டிக்கொண்டவர்களுக்கு இதுவும் கிடையாது. முகாமுக்கு வெளியே வாடகைக் குடிசையில் கிடந்தார்கள், எந்தப் பட்டியலிலும் வரமாட்டார்கள்.

கப்பலேறும் உத்தரவு வந்ததும், கணக்குக்குள் இருந்த மனைவிகளும் சீட்டு எடுக்க வேண்டும். தொப்பிக்குள் மடித்துப் போட்ட காகிதங்கள். சிலவற்றில் ‘போகலாம்’, சிலவற்றில் ‘போக வேண்டாம்’. கைக்குழந்தையோடு நின்றவளுக்கு ‘போக வேண்டாம்’ வந்தால் அன்றோடு கணவனைப் பார்ப்பது முடிந்தது. பிரிஜிட் பாட்டி கணவரோடு கப்பலேறியவர் என்றால் அப்படி ஒரு சீட்டை எடுத்து வந்தவராக இருக்கலாம். இதை எழுதும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது. அப்படிப்பட்ட சீட்டு ஒன்றையும் நான் ஆவணங்களில் பார்த்ததில்லை.

திருமணப் பதிவைத் தேடுவதற்கு, கணவரின் மதம் என்ன என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி. அயர்லாந்தில் கத்தோலிக்கர் அல்லாத திருமணங்களை 1845 ஏப்ரல் 1 முதல் அரசே பதிவு செய்தது. கத்தோலிக்கத் திருமணங்களும் எல்லாப் பிறப்பு இறப்புகளும் 1864 ஜனவரி 1-க்குப் பிறகுதான் அரசுப் பதிவுக்கு வந்தன. பிரிஜிட் பாட்டி கத்தோலிக்கராகவே இருந்திருப்பார் என்று வைத்துக்கொள்வோம். கணவர் பிராட்டஸ்டன்ட் என்றால்? 1745-ல் வந்த ஒரு சட்டத்தின்படி, கத்தோலிக்கருக்கும் பிராட்டஸ்டன்டுக்கும் கத்தோலிக்கக் குரு செய்து வைத்த திருமணம் செல்லாது. 1870 வரை இதுதான் நிலைமை. யெல்வர்டன் என்ற ஆர்ட்டிலரி மேஜர் 1857-ல் ஒரு கத்தோலிக்கக் குருவை வைத்துத் தெரீசா லாங்வர்த்தைக் கட்டிக்கொண்டு, அடுத்த வருடமே இன்னொரு பெண்ணைக் கட்டினார். தெரீசா நியாயம் கேட்டு நீதிமன்றம் ஏறினார். 1861-ல் டப்ளின் ஜூரி அவர் பக்கம் நின்றது. 1864-ல் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அந்தத் திருமணம் செல்லாது என்று முடித்துவிட்டது. அந்த வழக்கு கிளப்பிய கொந்தளிப்புக்குப் பிறகுதான் சட்டம் மாறியது. மேஜர் வீட்டு விஷயத்துக்கே இந்தக் கதி என்றால் சாதாரணச் சிப்பாயின் மனைவி எந்தத் துணிச்சலில் இருந்திருப்பாள்?

அதனால் கலப்புத் திருமணம் செய்தவர்கள் அரசின் பிராட்டஸ்டன்ட் சபையான சர்ச் ஆஃப் அயர்லாந்தில் சட்டத்துக்காக ஒரு முறையும், மனச்சாட்சிக்காகத் தங்கள் குருவிடம் இன்னொரு முறையும் மணம் செய்துகொள்வது உண்டு. உங்கள் தேடலுக்கு இது நல்ல சேதி. 1845-க்குப் பிறகு அந்தச் சபையில் மணம் நடந்திருந்தால் அதன் அரசுப் பதிவு இருக்கிறது. ‘ஐரிஷ் ஜீனியாலஜி’ என்ற அயர்லாந்து அரசின் தளத்தில் பக்கத்தின் படத்தையே இலவசமாகப் பார்க்கலாம். மணமக்கள் இருவரின் அப்பா பெயர், அப்பாவின் தொழில், குடியிருந்த இடம் எல்லாம் அதில் வரும். மணமகனுக்கு ‘பாரக்ஸ்’ (படைவீரர் குடியிருப்பு) என்று இருக்கும். மணமகளின் ‘குடியிருப்பு’ என்று எழுதியிருப்பது அவர் வேலைக்கு நின்ற வீடாகவும் இருக்கலாம், உடனே அதைப் பிறந்த ஊர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இருவரும் கத்தோலிக்கர் என்றால் பங்குப் பதிவேடு ஒன்றுதான் வழி. அயர்லாந்து தேசிய நூலகம் 1880 வாக்கு வரையிலான கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளின் படங்களை 2015 முதல் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கத்தோலிக்க வழக்கப்படி கல்யாணம் பெரும்பாலும் பெண் வீட்டார் பங்கில் நடக்கும் என்பதால், திருமணம் கிடைத்தாலே தாய்வீட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். 1922 ஜூன் 30 அன்று உள்நாட்டுப் போரில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகம் வெடித்து எரிந்தபோது பொது ஆவண அலுவலகமும் எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகளில் ஏறக்குறைய எல்லாமும், சர்ச் ஆஃப் அயர்லாந்து பதிவேடுகளில் பாதிக்கு மேலும் அதோடு போயின. 1861 முதல் 1891 வரையிலானவற்றை அரசாங்கமே அதற்கு முன் அழித்திருந்தது. முழுதாகக் கிடைப்பதில் பழையது 1901. எரிந்ததற்கு மாற்றாக வேறு இடங்களில் கிடைத்த பிரதிகளைத் திரட்டி ‘விர்ச்சுவல் ரெக்கார்டு ட்ரெஷரி’ என்ற தளத்தை 2022-ல் திறந்தார்கள். கடைசியில் அங்கேயும் ஒரு முறை தேடிப் பாருங்கள்.

பெரும்பாலோர் விழும் குழிகள் மூன்று. முதலாவது, விதவை. அந்தக் காலத்தில் இங்கே காலராவிலும் காய்ச்சலிலும் சிப்பாய்கள் பொசுக்கென்று போனார்கள். மனைவிக்குச் சில மாதத்துக்கு மேல் ரேஷன் கிடையாது. அதனால் சில வாரங்களிலேயே மறுமணம் நடப்பது சாதாரணம். திருமணப் பதிவில் ‘விதவை’ என்று இருந்தால் அவர் பெயரோடு இருக்கும் குடும்பப் பெயர் முதல் கணவருடையது. அதை வைத்து அயர்லாந்தில் அப்பாவைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. முதல் கல்யாணத்தைத் தேடிப் பிடியுங்கள்.

இரண்டாவது, பட்டாளத்து மகள். ‘ஐரிஷ்’ என்று சொல்லப்பட்ட பெண்கள் பலர் அயர்லாந்தையே பார்த்திராதவர்கள். அப்பா ஐரிஷ் சார்ஜன்ட், மகள் பிறந்தது மால்டாவிலோ ஜிப்ரால்டரிலோ கண்ணனூரிலோ. 15, 16 வயதில் அதே ரெஜிமென்டில் கல்யாணம். அப்படியென்றால் ஐரிஷ் ஊரை ஒரு தலைமுறை மேலே போய்த் தேட வேண்டும். இங்கிலாந்தின் பதிவு அலுவலகத்தில் 1761 முதல் ரெஜிமென்ட் பிறப்புப் பதிவேடுகளும், 1796 முதல் வெளிநாட்டுப் படைச் சாமியார்களின் பதிவுகளும் இருக்கின்றன. அவற்றின் அட்டவணையில் அந்தப் பெண்ணையே குழந்தையாகக் கண்டுபிடித்த அனுபவம் எனக்கு உண்டு.

மூன்றாவது, கார்க். பெரம்பூர்க் குடும்பம் ஒன்று ‘எங்கள் பாட்டிக்கு கார்க்’ என்று உறுதியாகச் சொன்னது. நான் கார்க் நகரத்துப் பதிவேடுகளை ஒரு வருடம் புரட்டினேன். கார்க் கப்பலேறிய துறைமுகம். மனைவிகளும் பிள்ளைகளும் கடைசியாகப் பார்த்த ஐரிஷ் மண் அது, அதனால்தான் அந்தப் பெயர் வாயில் நின்றது. படைக் கணக்கைப் பார்த்தபோது, கப்பலேறுவதற்கு முந்தைய குளிர்காலத்தில் கணவரின் கம்பெனி டிப்பரரி கவுன்டியில் டெம்பிள்மோரில் இருந்தது தெரிந்தது. அந்தப் பங்கின் பதிவேட்டில் மங்கிய மையில் திருமணம் இருந்தது. சாட்சியாக ஒரு பெண் பெயர். அதே பெயர் 3 வருடம் கழித்து பெல்லாரியில் நடந்த ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக (குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்பவர்) இருந்தது. அக்காவும் தங்கையும் ஒரே ரெஜிமென்டில் இரண்டு சிப்பாய்களைக் கட்டிக்கொண்டு சேர்ந்தே வந்திருக்கிறார்கள்! அந்தக் குடும்பத்துக்கு 160 வருடமாக அது தெரியாது.

அதனால்தான் ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர்களை விட்டுவிடாதீர்கள் என்கிறேன். லண்டனுக்குப் போன பிரதிகளில் பெரும்பாலும் அம்மாவின் முதற்பெயர் மட்டும்தான் இருக்கும். கத்தோலிக்கக் கோவிலின் மூலப் பதிவேட்டில் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் ஞானப் பெற்றோரும் இருக்க வாய்ப்பு உண்டு. திருச்சியில் அந்தக் காலத்தில் இருந்தவர்கள் மதுரை மிஷனின் பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள். லத்தீனில் எழுதினார்கள், ஐரிஷ் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். ‘பிரிஜிடா’ என்று பாருங்கள். குடும்பப் பெயரை வாய்விட்டுப் படித்து எந்த ஐரிஷ் பெயராக இருக்கும் என்று யோசியுங்கள். சென்னையில் நிலைமை வேறு. 1834 முதல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அங்கே ஆயர்களே ஐரிஷ்காரர்கள். 1842-ல் அயர்லாந்திலிருந்து வந்த பிரசன்டேஷன் கன்னியர் கருப்பர் நகரத்தில் பள்ளி தொடங்கினார்கள். குடும்பம் பறங்கிமலையிலோ பூந்தமல்லியிலோ கொஞ்ச காலம் இருந்திருந்தால், பெயர்களைச் சரியாக எழுதத் தெரிந்த கை கிடைக்கும்.

கவுன்டி தெரிந்த பிறகு ஊரை நெருக்குவதற்கு இரண்டு உதவிகள். பிள்ளைகளின் பெயர்களை வரிசையாக எழுதுங்கள். ஐரிஷ் வழக்கத்தில் மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர். நம் ஊர்ப் பெயரிடும் வழக்கத்துக்கு இது புதிதில்லை. பிரிஜிட் பாட்டியின் இரண்டாவது மகன் பெயர் தெரிந்தால் அவர் அப்பா பெயரை ஊகிக்கலாம். அடுத்தது, 1847 முதல் 1864 வரை எடுத்த கிரிஃபித் நிலவரிக் கணக்கு. எந்தக் குடும்பப் பெயர் எந்தப் பங்கில் கூட்டமாக இருந்தது என்று அதில் தெரியும். 1845-ல் தொடங்கிய பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், அதைவிட அதிகமானோர் நாட்டை விட்டே போனார்கள். பிரிஜிட் பாட்டி அப்போது சிறுமியாகவோ இளம்பெண்ணாகவோ இருந்திருப்பார். அவர் வீட்டார் அந்தக் கணக்கில் இல்லை என்றால் தேடல் தவறு என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று, தள்ளிப் போடாமல் செய்ய வேண்டியது: மாமியாருக்கு டி.என்.ஏ. சோதனை. அவர் உடம்பில் பிரிஜிட் பாட்டியின் பங்கு சராசரியாக 8-ல் ஒன்று. உங்கள் கணவரிடம் அது 16-ல் ஒன்றாகிவிடும், உங்கள் பிள்ளைகளிடம் 32-ல் ஒன்று. நடுவில் மகன் வழி வருவதால் தாய்வழி மட்டும் பார்க்கும் சோதனை உதவாது, எல்லா வழியும் பார்க்கும் சோதனையையே கேளுங்கள். பிரிஜிட் பாட்டியின் அண்ணன் தம்பிகள் அமெரிக்காவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போயிருந்தால், அவர்கள் வாரிசுகளும் அதே சோதனையைச் செய்திருந்தால் உறவு தெரியவரும்; அவர்கள் ஊர்ப் பெயரை மறக்காமல் வைத்திருக்கக் கூடும்.

இப்போதைக்கு எனக்கு அந்த ஞானஸ்நான நகலைப் படமெடுத்து அனுப்புங்கள். உங்கள் குடும்பத்து வரியை மட்டும் வெட்டி எடுக்காமல் முழுப் பக்கமும் வேண்டும். அதே வாரத்தில் அதே ரெஜிமென்டில் ஞானஸ்நானம் பெற்ற மற்றக் குழந்தைகளுக்கு யார் ஞானத்தாயாக நின்றார்கள் என்று பார்க்க வேண்டும். அவற்றில் ஒன்றில் பிரிஜிட் பாட்டியின் பெயரே பிறந்த வீட்டுப் பெயரோடு இருக்கலாம்.